இல்லாத பதின்மூன்று பேர்

செப்டம்பர் 9, செவ்வாய்

வந்து சேர்ந்தேன். மாடிப்படி நான்கு ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரண்டு நாள் படுத்தே கிடக்க வேண்டும், உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். குழாயில் தண்ணீர் காலை பத்து மணிக்குத்தான் வருமாம். அதுவரை ஒரு வாளி, ஒரு ஹீட்டர். துணி துவைப்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைத்தேன்.

வீட்டுக்காரருக்கு போன் செய்து, வந்துவிட்டேன் என்று சொன்னேன். "கேஸ் புக் பண்ற நம்பரை எங்க எழுதி வச்சிருக்க?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷக் கல்யாணம்.

செப்டம்பர் 11, வியாழன்

ராணுவ சப்ளை ஆபீசில் வேலை ஆரம்பம். என் பெயரில் மேஜை, பெயர்ப்பலகையில் 'டாக்டர் பியூலா ஞானராஜ்' என்று சரியாகவே எழுதியிருக்கிறார்கள்.

பின்னால் படித்தால் எனக்கே புரிய வேண்டும் என்பதால் எழுதி வைக்கிறேன். கணவாய்க்கு அப்பால் முப்பத்தொரு காவல் போஸ்ட்கள். நவம்பர் நடுவில் பனி விழுந்து கணவாய் மூடினால் மே நடுவில்தான் திறக்கும். இந்த ஆறு மாதத்துக்கான எல்லாமே அதற்குள் மேலே போயாக வேண்டும். அதில் முக்கியம் மண்ணெண்ணெய். சமைப்பது, குடிக்கப் பனியை உருக்குவது, குளிர் காய்வது எல்லாம் அதில்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர், ஆறு மாதத்துக்கு 180 லிட்டர். எந்த லாரி, எந்தக் கோவேறு கழுதை, எந்தப் போர்ட்டர், எந்தத் தேதியில், எங்கே? மனிதர்கள் உட்கார்ந்து யோசித்தால் தலை சுற்றும். நான் எழுதிய கம்ப்யூட்டர் மாடல் பதினொரு நிமிஷத்தில் சொல்லிவிடும்.

போன வருஷம் ஊரில் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தபடியே திட்டம் போட்டு அனுப்பினேன். ஐந்தில் ஒரு பங்கு நடை மிச்சம். பாராட்டுச் சான்றிதழ் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு மேலே தொங்குகிறது. ரகசியம் ஒன்றுமில்லை. நூறு சதவீதம் கொடுத்தே தீருவேன் என்று அடம்பிடித்தால் கடைசி இரண்டு சதவீதத்துக்காகவே நாற்பது நடை கூடும். அதனால் மொத்தத் தேவையில் தொண்ணூற்றெட்டு போதும் என்று மாடலுக்கு அனுமதி கொடுத்திருக்கிறேன். எந்தப் போஸ்ட்டுக்கும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று ஒரு காப்பும் உண்டு. இங்கே சப்ளைக்குப் பொறுப்பான கர்னல் ரதூரிக்கு 98 என்ற எண் ரொம்பப் பிடிக்கும்.

பிப்ரவரியில் யாரோ குறை சொல்லிக் கடிதம் எழுதியிருந்தார்கள். மொத்த நிறைவு 98%, மாடலில் பிழை இல்லை என்று ஒரே வரியில் பதில் போட்டேன். புது முறை வந்தால் முணுமுணுக்க நாலு பேர் இருக்கத்தானே செய்வார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

துணி துவைத்தேன். காய்வதற்குப் பதில் விறைத்து நிற்கிறது.

செப்டம்பர் 17, புதன்

இங்கே தமிழ் பேச இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்கள். ஒருவர் சுபேதார் தணிகாசலம், வேலூர்ப் பக்கம். சப்ளைப் பட்டியல் முழுக்க அவர் கையில். எந்தப் போஸ்ட்டில் எத்தனை பேர் என்று அவர் தரும் எண்ணைத்தான் என் மாடல் சாப்பிடுகிறது. இன்னொருவர் லான்ஸ் நாயக் முத்தழகு, சிவகங்கைக்காரர். ஆபீசில் லைட் டியூட்டி, அதாவது டீ கொண்டுவருவது, ஃபைல் எடுத்துக் கொடுப்பது. ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறார். சாஸரில் பாதி டீ கொட்டிவிடுகிறது. இவ்வளவு சின்ன வயசில் இப்படி ஒரு சோம்பல் நடை.

சுபேதார் இன்று ரசப்பொடி ஒரு பாட்டில் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "வூட்லேருந்து வந்துது மேடம். மெஸ் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்காது."

வாங்கிக்கொண்டேன். ஆனால் வந்த ஒரே வாரத்தில் ஒருவர் நமக்கு ரசப்பொடி தருகிறார் என்றால் ஏன் என்று கேட்டுக்கொள்ள வேண்டாமா?

செப்டம்பர் 23, செவ்வாய்

மூக்கில் வியர்த்துவிட்டது.

உள்ளே போகும் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். கம்பளிக் காலுறை வழங்கிய பட்டியலைச் சும்மா புரட்டினேன். ஆளுக்கு மூன்று ஜோடி. 19-ஆம் போஸ்ட்டுக்கு இருபத்தேழு ஜோடி போயிருக்கிறது. அப்படியென்றால் ஒன்பது பேர்.

சுபேதாரின் மண்ணெண்ணெய்ப் பட்டியலில் அதே 19-இல் இருபத்திரண்டு பேர்.

காலுறை போடாத பதின்மூன்று பேர், அந்தக் குளிரில்.

செப்டம்பர் 26, வெள்ளி

மற்ற முப்பது போஸ்ட்களையும் சரிபார்த்தேன். எல்லாம் நறுக்குத் தெறித்தாற்போல் சரி. 19 மட்டும்தான். மொத்தம் 650 பேர் என்கிறது பட்டியல். உண்மையில் 637.

பதின்மூன்று பேருக்கு ஆறு மாதத்துக்கு 2,340 லிட்டர் மண்ணெண்ணெய். இருபது லிட்டர் கேனில் 117 கேன். அது எங்கே போகிறது? கடைவீதியில் மண்ணெண்ணெய்க்கு எப்படிப் பறக்கிறார்கள் என்று நானே பார்த்தேன். ரசப்பொடியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

இஞ்சி வாங்கக் கடைவீதிக்குப் போனேன். அங்கே சுபேதார். செருப்புத் தைப்பவர் கடையில் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, குனிந்து ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். பொட்டலம் கல்லாவுக்குக் கீழே போனது.

இஞ்சி வாங்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

நேராகக் கேட்டுவிட்டேன், பக்கத்தில் கிளார்க் இருக்கும்போதே. சாட்சி வேண்டும் அல்லவா.

"சுபேதார் சாப், பத்தொன்பதுல எத்தனை பேர் இருக்காங்க?"

"லிஸ்ட்ல இருக்குது மேடம்."

"லிஸ்ட்ல இருக்கிறது தெரியும். மலைமேல எத்தனை பேர்?"

கிளார்க்கை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னை. "மேடம், வேற எந்த நம்பர வேணும்னாலும் மாத்துங்க. அந்த நம்பர்ல மட்டும் கை வெக்காதீங்க."

சொல்லிவிட்டு சல்யூட் அடித்துவிட்டுப் போனார். மிரட்டல் இல்லாமல் இது வேறென்ன?

டீ கொண்டுவந்த முத்தழகு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். "நானும் பத்தொன்பதுலதான் இருந்தேன் மேடம், போன வருசம்" என்றார். ஆக இரண்டு பேரும் கூட்டு. டீயை வாயில் வைக்கவே பிடிக்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

கர்னலிடம் எழுத்துமூலம் கொடுத்துவிட்டேன். இரண்டு பக்கம், காலுறைப் பட்டியல் இணைப்பு. நல்ல காரியம் செய்தீர்கள் என்று கை குலுக்கினார். நாளை முதல் விசாரணை. சுபேதாரைப் பட்டியல் மேஜையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பாரக்ஸை விட்டு வெளியே வரக் கூடாது என்று உத்தரவு. பட்டியல் இனி என் பொறுப்பு, என் கையெழுத்து.

19-க்கு எதிரே 22-ஐ அடித்து 9 என்று போட்டேன். மாடலை ஓட்டினேன். மொத்த நிறைவு 98 சதவீதம், நடைகள் இன்னும் பதினொன்று குறைவு. தப்பான ஒரு எண்ணை எடுத்தால் எப்படிப் பளிச்சென்று ஆகிவிடுகிறது பார்.

அவர் மேஜையைக் காலி செய்தபோது இழுப்பறையில் ஒரு நோட்டு. 12, 15, 18, 20, 21, 22 என்று எண்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்னொரு எண். 22-க்குப் பக்கத்தில் 81, கீழே இரண்டு கோடு. திருட்டுக் கணக்கு. விசாரணைக்கு அனுப்பினேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிக்கு மெஸ்ஸில் லட்டு. முத்தழகு எனக்கு டீ வைத்துவிட்டு உடனே போய்விடுகிறார். முன்பெல்லாம் இரண்டு வார்த்தை பேசுவார். பேசாவிட்டால் போகிறது.

அக்டோபர் 31, வெள்ளி

லாரிகள் திட்டப்படி. கழுதைகள் திட்டப்படி. முப்பத்தொன்றில் இருபத்தாறு போஸ்ட்களுக்கு வேலை முடிந்தது. 19-உம் முடிந்துவிட்டது என்று குறிப்பு வந்தது. ஆச்சரியமாக இருந்தது, அது கடைசியில் இருப்பது. லாரி போகாது, கழுதையும் ஏறாது. இரண்டு நாள் போர்ட்டர்கள் முதுகில் சுமந்தே போக வேண்டும். இவ்வளவு சீக்கிரம் முடிந்ததென்றால் திட்டத்தின் அருமை.

வரிவரியாகப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. முப்பத்தொரு வரியையும் எட்டிப் பார்ப்பது மாடலை நம்பாத கத்துக்குட்டிகள் வேலை.

நவம்பர் 9, ஞாயிறு

பிற்பகல் மூன்று மணி. எழுதிவிட வேண்டும்.

காலையில் பனித்தூறல். கையில் துவைத்த துணியோடு ஆபீஸ் புகாரி அடுப்பில் காய வைக்கலாம் என்று போனேன். ஞாயிறு, யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். முத்தழகு அடுப்பருகில் உட்கார்ந்து நனைந்த பூட்ஸைக் கழற்றிக் காய வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழப் பார்த்தார். இடது காலில் விரல்கள் இல்லை. ஒன்றுகூட இல்லை.

பூட்ஸின் முன்பக்கத்துக்குள் தோல் வைத்துத் தைத்திருந்தது. "சுபேதார் சாப் கடைவீதில குடுத்துத் தச்சு வாங்குனாரு மேடம். இது போட்டா கொஞ்சம் நேரா நடக்கலாம்."

எப்போது, எங்கே என்று கேட்டேன்.

"போன சனவரி மேடம். பத்தொன்பதுல. மண்ணெண்ண தீந்துபோச்சு. பொங்கலன்னிக்குக் கடைசிக் கேன். அப்புறம் கட்டிலு, பெட்டின்னு ஒடச்சு எரிச்சோம். பனிய உருக்கத்தான் அதுவும். ஹெலிகாப்டர் வர பன்னெண்டு நாளு ஆச்சு."

"தீர்ந்திருக்கக் கூடாதே. திட்டத்துல தொண்ணூத்தெட்டு சதவீதம்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. "எங்களுக்கு வந்தது இருபத்தேழு கேனுதான் மேடம். ஒம்பது பேருக்கு."

மேஜைக்குப் போனேன். முப்பத்தொரு வரியையும் திறந்தேன். இந்த வருஷத்து 19-க்கு எதிரே: இருபத்தேழு கேன். 540 லிட்டர். ஒன்பது பேருக்கு அறுபது நாள்.

மூன்றில் ஒரு பங்கு, நான் போட்ட காப்பு. அதற்குக் கீழே போகக் கூடாது என்றேன், அதற்கு மேலே ஒரு சொட்டு போகவில்லை. மொத்தத்தில் இரண்டு சதவீதம் விட்டுவிடலாம் என்று நான் அனுமதி கொடுத்தேன். அந்த இரண்டு சதவீதத்தை யாரிடமிருந்து எடுப்பது என்று நான் சொல்லவில்லை. கொண்டுபோகக் கஷ்டமான இடம் எதுவோ அங்கிருந்து எடுத்துவிட்டது. மீதிக் குறை அதற்கடுத்த பெரிய போஸ்ட் ஒன்றின் தலையில், அங்கே பழைய கையிருப்பு உண்டு. மாடல் நான் கேட்டதைத்தான் செய்தது.

துணி அடுப்பில் கருகிவிட்டது.

நவம்பர் 10, திங்கள்

காலையில் கர்னலுக்கு போன் செய்தேன். தலைமையகத்தில் இருக்கிறார், 98-ஐ விளக்கிச் சொல்ல. திட்டம் மேலே போய்விட்டது, இப்போது மாடலில் பிழை என்றால் எப்படி, குறிப்பு எழுதி வையுங்கள், இருபதாம் தேதி வந்து பேசலாம் என்றார். இருபதாம் தேதி கணவாய் இருக்காது. ஆள் எண்ணிக்கை மாறினால் மட்டும் பட்டியலைத் திருத்தலாம், மற்ற எதற்கும் இல்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பாரக்ஸுக்குப் போனேன். சுபேதார் தணிகாசலம் கட்டிலில் உட்கார்ந்து சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார். என்னை உட்காரச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

"அந்த நோட்டுல எண்பத்தொண்ணுன்னு போட்டிருந்தீங்களே."

"கேனு மேடம். ஒம்பது பேருக்கு எண்பத்தொரு கேனு வேணும். ஒம்பதுன்னு போட்டா உங்க கம்ப்யூட்டரு இருவத்தேழுதான் குடுக்குது. எதுக்குன்னு சொல்லாம கிளார்க்க வச்சி ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு நம்பரா போட்டுப் பாத்தன். பதினஞ்சு பத்தல. இருவது பத்தல. இருவத்திரண்டு போட்டா கரெக்டா எண்பத்தொண்ணு வந்துச்சு. எப்டின்னு எனக்குத் தெரியாது. வந்துச்சு, அவ்ளோதான்."

எனக்குத் தெரியும். அங்கேயே நின்று மனசில் போட்டுப் பார்த்தேன். 650-இல் இரண்டு சதவீதம் பதின்மூன்று. நான் குறைக்கச் சொன்ன அத்தனையும் அந்த இல்லாத பதின்மூன்று பேர் தலையில் விழுந்திருக்கிறது. அவர்கள் குளிரில் விறைத்தால் யாருக்கும் வலிக்காது. உயிரோடு இருந்த 637 பேருக்கும் முழுசாகக் கிடைத்திருக்கும். அந்தப் பதின்மூன்று பேரைத்தான் நான் அழித்தேன்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சொன்னன் மேடம். பிப்ரவரில உங்க ஆபீசுக்கு லெட்டரு எழுதினன். பதில் வந்துச்சு." சட்டையை மடித்து வைத்தார். "உங்க கையெழுத்துதான் மேடம் இருந்துச்சு. அப்புறம் கிளார்க் முன்னாடி நின்னு, பொய்க் கணக்கு எழுதினன்னு நானே எப்படிச் சொல்றது?"

அழுதேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு சொன்னார்: "அழறதுக்கு மே மாசம் வரைக்கும் டைம் இருக்குது மேடம். போர்ட்டருங்க நாளைக்குக் கீழ எறங்கிடுவானுங்க. இன்னிக்கே லிஸ்ட் போடுங்க."

போட்டேன். 19-க்கு எதிரே 9-ஐ அடித்து 22. காரணம் என்ற இடத்தில்: ஆள் எண்ணிக்கை மாற்றம். கையெழுத்து: பியூலா ஞானராஜ். மாடலை ஓட்டவில்லை. ஐம்பத்து நான்கு கேன் என்று என் கையால் எழுதினேன்.

நவம்பர் 11, செவ்வாய்

இருபத்தேழு போர்ட்டர்கள், முதுகுக்கு இரண்டு கேன். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டார்கள். வானம் சாம்பல். பின்னால் நடந்து கொஞ்ச தூரம் போனேன், மூச்சு நின்றுவிடும் போலிருந்தது, திரும்பிவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

பனி.

நவம்பர் 13, வியாழன்

பனி. ரேடியோ இல்லை. முத்தழகு டீ வைத்தார். நான் எழுந்து போய் வாங்கிக்கொண்டேன். "போயிருவாங்க மேடம்" என்றார். ஒரு வார்த்தைதான்.

நவம்பர் 17, திங்கள்

கணவாய் மூடியது. போர்ட்டர்கள் அத்தனை பேரும் உயிரோடு திரும்பிவிட்டார்கள். நாற்பத்தொரு கேன் மேலே சேர்ந்தது. பதின்மூன்று கேனைப் பாதி வழியில் பனியில் போட்டுவிட்டு ஓடிவர வேண்டியதாயிற்று. இந்த எண் என்னை விடாது போலிருக்கிறது.

இருபத்தேழும் நாற்பத்தொன்றும் அறுபத்தெட்டு. 1,360 லிட்டர். ஒன்பது பேருக்கு 151 நாள். இன்றிலிருந்து எண்ணினால் ஏப்ரல் 17. அதற்குப் பிறகு ஒரு மாதம் ஒன்றுமில்லை.

நவம்பர் 24, திங்கள்

விசாரணையில் வாக்குமூலம் கொடுத்தேன். பட்டியலில் பொய்யாகப் பதின்மூன்று பேரைச் சேர்த்தது இந்த மாதம் நான் என்றும், அதற்கு முன்பு சுபேதார் சேர்த்தது என் பிழையிலிருந்து ஒன்பது பேரைக் காப்பாற்ற என்றும், போன குளிர்காலத்தில் ஒருவரின் கால்விரல்கள் போனதற்கு நான் போட்ட திட்டமே காரணம் என்றும். பிப்ரவரிக் கடிதத்தையும் என் பதிலையும் இணைத்தேன். கர்னல் படித்துவிட்டு மேலே பார்க்கவேயில்லை. சுபேதாருக்கு எச்சரிக்கையோடு ரேடியோ அறையில் வேலை. எனக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து உடனே திரும்பச் சொல்லி உத்தரவு. மாடலை முழுக்க மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன்: எந்தப் போஸ்ட்டும் மற்றதைவிடப் பட்டினி கிடக்கக் கூடாது. நடைகள் முப்பத்தெட்டு கூடும்.

ரசப்பொடியைப் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 17, வெள்ளி. பாளையங்கோட்டை

வெயில் மண்டையைப் பிளக்கிறது. வீட்டுக்காரர் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார். ஃபிரிட்ஜுக்கு மேலே ஆணி மட்டும் இருக்கிறது. காலையிலிருந்து நான் எதையும் சாப்பிடவில்லை. "யார் செத்துப்போனா?" என்று கேட்டார். இன்னும் யாரும் இல்லை என்றேன்.

பதினொரு மணிக்கு சுபேதார் தணிகாசலத்துக்கு போன் போட்டேன். டிசம்பரிலிருந்து வாரம் ஒரு தடவை பேசுகிறோம். அவர் ரேடியோவில் 19-ஓடு தினம் பேசுகிறார். எத்தனை கேன் மிச்சம் என்று மட்டும் நான் கேட்டதேயில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

இன்று கேட்டேன். "தீந்துட்டுதா?"

"இல்ல மேடம். பதினேழு கேனு முழுசா நிக்குது."

"எப்படி? இன்னைக்கோட தீரணுமே. நான் கணக்குப் போட்டு வச்சிருக்கேன்."

கொஞ்சம் தயங்கினார். எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்திருப்பார். "அவனுங்க உங்க கணக்க நம்பல மேடம். அது எந்த ஆபீஸ்லேருந்து வருதுன்னு அவனுங்களுக்குத் தெரியும். மொத நாள்லேருந்தே ஆளுக்கு முக்கா லிட்டருதான் எரிச்சானுங்க. ரெண்டு பேரு ஒரே பைக்குள்ள படுத்துத் தூங்கினானுங்களாம். ஜூன் வரைக்கும் கூட வரும்."

ஃபிரிட்ஜுக்கு மேலே இருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மேடம்? கோச்சிக்கிட்டீங்களா?"

"இல்ல சுபேதார் சாப். இன்னைக்குப் பேசும்போது அவங்க கிட்ட சொல்லுங்க. நம்பாததுக்கு ரொம்ப நன்றின்னு."

வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் ரசம் வைத்தேன். பாட்டிலில் கடைசி ஸ்பூன் பொடி. இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.